வளையச் சூரியனும் கம்பஸ் பௌதிகவியலும்

ஏஎல் என்ற உயர்தரப் பரீட்சையில், பொறியியலுக்குப் பல்கலைக்கழக அனுமதி தரும் இசட் புள்ளி போதாமல் போனவர்கள் பௌதிக விஞ்ஞானத்துக்கு வருவது எங்கள் பக்கம் வழக்கம். நானும் அப்படித்தான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் கம்பசுக்கு, யாழ் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். தமிழில் படித்த பாடம் ஆங்கிலத்தில் வந்து மிரட்டியது. சரி, அது பழகிவிடும். வானியலில் பிடிப்பு வந்தது 2010 ஜனவரி 15, பட்டிப்பொங்கலன்று. மதியம் ஒன்றரை மணியளவில் கிரகணத்தில் சூரியன் பத்து நிமிடத்துக்கு மேல் வளையமாக நின்றது. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்குக் கிட்ட இருக்கும், அதனால் சூரியன் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். சந்திரனோ அந்த நாட்களில் மிகத் தொலைவில். முழுதாக மறைக்க அதற்கு அளவு போதவில்லை. இதைவிட நீண்ட வளைய கிரகணம் 3043 வரை உலகில் எங்கும் இல்லை.

*

மேலே எழுதிய அண்ணா வளையச் சூரியனைப் பார்த்தது மதியம், பிறகு கம்பஸ் வந்த எங்கள் பச்சுக்குக் காலை. 2019 டிசம்பர் 26, ஒன்பதரை மணி போல, மூன்று நிமிடம்தான். அம்மம்மா வாசலைத் தாண்டவில்லை. வேப்பமரத்தடியில் நிழலெல்லாம் குட்டி வளையங்களாக மாறியதும் சன்னலால் எட்டிப் பார்த்து, "இதென்ன கூத்து?" என்று கேட்டா. இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கமரா, சிறு துளையால் வரும் ஒளி சூரியனின் உருவத்தையே நிலத்தில் விழுத்தும். சூரியனின் தூரம் அதன் விட்டத்தைப் போல ஏறத்தாழ 107 மடங்கு. ஆக, ஒளி இடுக்கிலிருந்து நிலத்துக்கு ஐந்து மீற்றர் வந்தால் வளையம் ஐந்து சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. வெயில் சாய்வு என்பதால் ஒரு பக்கம் நீண்டிருந்தது. அடிமட்டத்தோடு குந்தியிருந்து அளந்தேன், கணக்கு ஒத்துவந்தது. ஆய்வுகூடத்தில் எந்தப் பிரக்டிக்கலும் எனக்கு இப்படி இனித்ததில்லை.

*

தொலைநோக்கி இல்லாமல் வானியல் எப்படி என்று கேட்ட தம்பிக்கு: மாசி, பங்குனியில் தெளிவான இரவாகப் பார்த்து பருத்தித்துறைக் கடற்கரைக்குப் போங்கள். கையை நீட்டி, விரல்களை மடக்கிய முட்டியைத் தொடுவானத்தில் வையுங்கள். அது ஏறத்தாழ பத்துப் பாகை. அதன் மேல்விளிம்பை ஒட்டி வடக்கே மங்கலாக நிற்பது துருவ நட்சத்திரம். நம் அகலக்கோடு கிட்டத்தட்ட 9.8 பாகை, அதன் உயரமும் அவ்வளவே. ஐரோப்பாவில் அது இன்னும் உயரத்தில் நிற்கும், ஆனால் அங்குள்ளவர்களுக்குத் தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டம் கிடையாது. நமக்கு சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே அதுவும் தெரியும். கொழும்பு வெளிச்சத்தில் இரண்டையும் தேடிக் களைத்தவன் சொல்கிறேன், யாழ்ப்பாணத்தில் படிக்கக் கிடைத்தால் விடாதீர்கள்.