பாடத்தைப் படித்துக் கேள்வி கேட்க வைப்பது எப்படி?

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கதை என்றால் பிள்ளைகள் "அப்புறம் என்ன ஆச்சு சார்?" என்று துளைக்கிறார்கள். தகவல் கட்டுரை என்றால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது.

போன வாரம் வேடந்தாங்கல் பற்றி நானே அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஏரி, கடம்ப மரங்கள், தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர்மக்கள், பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவது, எல்லாம் அதில் இருந்தது. "ஆளுக்கு ஒரு கேள்வி எழுதுங்கள்" என்றேன். முப்பத்தைந்து பேரில் முக்கால்வாசிப் பேர் "வேடந்தாங்கல் எங்கே உள்ளது?" என்றே எழுதினார்கள். விடை முதல் வரியிலேயே இருக்கிறது! புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளைப் பார்த்துப் பழகிய கை, வேறென்ன செய்யும்?

கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும், "எச்சம் விழுந்த தண்ணி நாறாதா சார்? அதுல நெல் எப்படி நல்லா வளரும்?" என்றாள். உடனே நாலைந்து பேர் எருக்குழியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு உண்மையான வகுப்பு.

அதை எல்லாப் பிள்ளைகளிடமும் எப்படிக் கொண்டுவருவது? தலைப்பை மட்டும் காட்டிக் கேட்க வைத்தேன், ஓரளவு பலித்தது. பத்திக்குப் பத்தி நிறுத்தினால், எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் பின்தங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? 'எங்கே, எப்போது' என்பதிலிருந்து 'ஏன், எப்படி' என்பதற்கு நகர்த்த உங்கள் வகுப்பில் பலித்த வழியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள். திங்கட்கிழமை பனைமரம் பற்றிய கட்டுரையை எடுக்கிறேன், அதற்குள் கிடைத்தால் பெரிய உதவி.