பரணில் கிடந்த ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38

கீழக்கரை வாசி:
வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தபோது வாங்கிய வால்வு ரேடியோ, முகப்பில் ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38 என்று போட்டிருக்கிறது. எந்த ஊர் கம்பெனி? கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா?

மண்டபம் ஹாம்:
ஐயோ, வேண்டாம் காக்கா! அது அமெரிக்காவின் 117 வோல்ட் செட், உள்ளே பவர் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, நம் 230 வோல்ட்டில் சொருகினால் வால்வெல்லாம் போய்விடும், சேசிஸை, அதாவது உள்ளே இருக்கிற உலோகச் சட்டத்தைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம். வோல்ட்டைக் குறைக்கிற, ஐசொலேஷன் உள்ள (மெயின் கரண்டோடு நேரடித் தொடர்பில்லாத) ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், பழைய கண்டென்சர்களையும் மாற்றுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

பாம்பன் அலைவரிசை:
கம்பெனி சிகாகோவில் இருந்தது. பில் ஹாலிகன் என்ற ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) 1930களின் தொடக்கத்தில் ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போரில் இவர்களுடைய எச்டி-4 டிரான்ஸ்மிட்டர்தான் பிசி-610 என்ற பெயரில் அமெரிக்க ராணுவத்துக்குப் போனது. போர் முடிந்து 1946இல் வந்தது எஸ்-38, தோற்றத்தை வடிவமைத்தவர் ரேமண்ட் லோவி. மலிவான செட் என்பதால் புதிதாக ஷார்ட்வேவ் கேட்க வந்தவர்கள் நிறைய பேர் வாங்கினார்கள், ஆனால் என்னைக் கேட்டால் 1940இல் வந்த இவர்களுடைய எஸ்எக்ஸ்-28 ரேடியோ பக்கத்தில்கூட இது நிற்காது. 1966இல் நார்த்ரப் என்ற அமெரிக்க விமான நிறுவனம் இந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது.

கீழக்கரை வாசி:
சரி, கை வைக்கவில்லை. உப்புக்காற்றில் சேசிஸ் வேறு துருப்பிடித்திருக்கிறது, ராமநாதபுரம் பக்கம் வால்வு செட் பார்க்கிற மெக்கானிக் யாராவது இருக்கிறார்களா?