குளோரோஃபார்ம்ல மொபிலிட்டி ஏறல, டைகுளோரோபென்சீன்ல ஃபிலிமே நிக்கல. பாலிமர் ட்ரான்சிஸ்டருக்கு சால்வென்ட் எப்படி தேர்ந்தெடுக்கறது?

மெல்லியபடலம்:
வணக்கம். பி3ஹெச்டிங்கற குறைக்கடத்தி பாலிமர் வச்சு பாட்டம் கேட் (கேட் அடியில இருக்கற) ட்ரான்சிஸ்டர் பண்றேன், சிலிக்கான் டைஆக்சைடு இன்சுலேட்டர் மேல ஓடிஎஸ்ங்கற சைலேன் லேயர், அதுக்கு மேல பாலிமரை குளோரோஃபார்ம்ல கரைச்சு ஸ்பின் கோட்டிங் (வேகமா சுத்தி படலமா பரப்பறது). ஃபிலிம் கண்ணாடி மாதிரி வழவழன்னு வருது, ஆனா மொபிலிட்டி (மின்னூட்டம் எவ்வளவு சுலபமா நகருதுங்கற அளவு) 0.01 செமீ²/Vs-ஐ தாண்டவே மாட்டேங்குது. சரின்னு டைகுளோரோபென்சீனுக்கு மாறினா சுத்த ஆரம்பிச்சதுமே எல்லாம் வழிஞ்சு ஓடிடுது, ஓரத்துல கொஞ்சம் துளிதான் மிச்சம். பாலிமர் அதேதான், செறிவும் அதேதான், சால்வென்ட் மட்டும் மாறினா ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கேட்வோல்டேஜ்:
ஃபிலிம் வழவழன்னு இருக்கறத வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க. கரன்ட் ஓடுற சேனல் டைஎலெக்ட்ரிக்கை (அந்த இன்சுலேட்டரை) ஒட்டின சில நானோமீட்டர்லதான், அங்க பாலிமர் செயின் எப்படி அடுக்கியிருக்குங்கறதுதான் விஷயம், மேல்பரப்பு எவ்வளவு அழகா இருந்தாலும் சேனலுக்கு அதால லாபம் இல்ல. குளோரோஃபார்ம் 61 டிகிரியில கொதிக்கிற சரக்கு, சில நொடியில காஞ்சிடும், செயினெல்லாம் கலைஞ்சு கிடந்த நிலைமையிலயே மாட்டிக்கும். குளோரோபென்சீன் 132, டைகுளோரோபென்சீன் 180, ட்ரைகுளோரோபென்சீன் 214, இதுங்க மெதுவா காயும், செயின்ல இருக்கற தையோஃபீன் வளையங்கள் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக்க டைம் கிடைக்கும். 2004ல கேம்பிரிட்ஜ் குழு ட்ரைகுளோரோபென்சீன்ல இருந்து ஸ்பின் பண்ணி 0.12 வரைக்கும் எடுத்தாங்க, குளோரோஃபார்ம்ல கிடைச்சது அதுல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு. அடுக்கோட திசையும் பார்க்கணும், வளையங்கள் நிமிர்ந்து நின்னாதான் சோர்ஸ்ல இருந்து ட்ரெயினுக்கு ஹோல் (நேர் மின்னூட்டம்) சுலபமா தாவும், படுத்துக்கிட்டா அந்த வழி அடைபட்டுடும்.

படிகவேட்டை:
மேல சொன்னது சரி, ஆனா கொதிநிலைய மட்டும் பிடிச்சுக்கிட்டா பாதி கதைதான். பாலிமர் எந்த நிலைமையில கரைஞ்சிருக்குன்னும் பாருங்க. குளோரோஃபார்ம் ரொம்ப நல்ல சால்வென்ட், செயின் தனித்தனியா பிரிஞ்சு சொல்யூஷன் பளிச்சுன்னு ஆரஞ்சா இருக்கும். அதுலயே அசிட்டோநைட்ரைல் மாதிரி பாலிமரைக் கரைக்காத ஒண்ணை கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பாருங்க, நிறம் கருஞ்சிவப்பா மாறும், யூவி விசிபிள் (ஒளி உறிஞ்சல்) வரைபடத்துல 550, 600 நானோமீட்டர் பக்கம் தோள் மாதிரி மேடு எழும்பும். செயின்கள் சொல்யூஷன்லயே கோர்த்துக்கிச்சுன்னு அர்த்தம். அப்படி ஸ்பின் பண்ணா குளோரோஃபார்ம் சீக்கிரம் காஞ்சாலும் பரவால்ல, அடுக்கு ஏற்கனவே ரெடி. ஃபில்டர் பண்றதா இருந்தா அசிட்டோநைட்ரைலை விடறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க, அப்புறம் பண்ணா கோர்த்ததெல்லாம் ஃபில்டர்லயே தங்கிடும். ஓவரா விட்டா கட்டி கட்டியா இறங்கிடும், கவனம்.

ஃபிலிம் வழிஞ்சு ஓடுறதுக்கு காரணம் பரப்பு இழுவிசை. குளோரோஃபார்முக்கு 27 மில்லிநியூட்டன் பெர் மீட்டர் பக்கம், டைகுளோரோபென்சீனுக்கு 36க்கு மேல, ஓடிஎஸ்ஸோட பரப்பு ஆற்றல் ரெண்டையும் விட கம்மி. குளோரோஃபார்ம் வழியறதுக்குள்ள காஞ்சு தப்பிச்சுடுது, டைகுளோரோபென்சீன் ஈரமாவே ரொம்ப நேரம் கிடக்கிறதால சுருங்கி ஓடிடுது. ஓடிஎஸ்ஸுக்கு பதிலா ஃபீனைல் முனை இருக்கற சைலேன் போட்டா ஓரளவு ஒட்டும். என்னைக் கேட்டா குளோரோஃபார்ம்லயே சில சதவீதம் ட்ரைகுளோரோபென்சீன் கலந்து போடுங்க, முதல்ல குளோரோஃபார்ம் போய் ஃபிலிம் உக்காந்துடும், மிச்சம் இருக்கறது மெதுவா வெளியேறும்போது செயின் அடுக்கிக்கும். உங்க ரெண்டு பிரச்சினைக்கும் இதுதான் நேர் வழி.

மெல்லியபடலம்:
ரொம்ப நன்றிங்க, கலந்து போடறதையே முதல்ல பார்க்கறேன். அதுக்கப்புறம் சூடு பண்ணனுமா?

கேட்வோல்டேஜ்:
கண்டிப்பா. 214ல கொதிக்கிறது தானா முழுசா வெளிய போகாது, உள்ள தங்கினா த்ரெஷோல்ட் வோல்டேஜ் (ட்ரான்சிஸ்டர் ஆன் ஆகற வோல்டேஜ்) நகர்ந்துக்கிட்டே இருக்கும். நைட்ரஜன் இல்ல வாக்குவம்ல 100, 120 டிகிரியில வைங்க. காத்துல வச்சா ஆக்சிஜன் பாலிமர்ல டோப் ஆகி (கூடுதல் மின்னூட்டம் சேர்த்து) ஆஃப் நிலையில ஓடுற கரன்ட் ஏறிடும், அப்புறம் மொபிலிட்டி எவ்வளவு வந்தாலும் ஸ்விட்ச் சரியா அணையாது. இந்த குளோரின் சால்வென்ட் எல்லாமே உடம்புக்கு கெடுதல், ஃப்யூம் ஹுட்டுக்கு வெளிய பாட்டிலைத் திறக்கவே திறக்காதீங்க.