1920 அமெரிக்க ஓவல் ரேஸ் சாம்பியன் பட்டியல்: யார்கிட்டயாவது இருக்கா?
பழைய ரேஸ் கதைகள்ல கரைகண்டவங்க கொஞ்சம் உதவுங்க. 1920 சாம்பியன் காஸ்டன் செவ்ரோலே. செவ்ரோலே கார் கம்பெனி ஆரம்பிச்ச லூயியோட தம்பிதான். மன்ரோ கார்ல இண்டியானாபொலிஸ் 500-ங்கிற 500 மைல் ரேஸை ஜெயிச்சவர். நவம்பர் 25 அன்னிக்கு பெவர்லி ஹில்ஸ் ரேஸ் டிராக்ல இன்னொரு டிரைவர் எடி ஓ'டானல் காரோட மோதி ரெண்டு பேருமே போயிட்டாங்க. பட்டம் இறந்த பிறகுதான் வந்துச்சு. அந்த டிராக் முழுக்க மரப்பலகை! ஒன்றேகால் மைல் சுற்று, வளைவெல்லாம் செங்குத்தான சரிவு. எப்படித்தான் ஓட்டினாங்களோ.

ஆனா சில பட்டியல்ல சாம்பியன்னு டாமி மில்டன் பேர் இருக்கு. பின்னாடி புள்ளிகளைத் திரும்பக் கூட்டினதால வந்த வினை. அந்த வருஷமே, சாம்பியன் போட்டியை நடத்தின அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் வெளியிட்ட புள்ளிக் கணக்குதான் எனக்கு வேணும். பழைய பத்திரிகை ஸ்கேன் இருந்தா போடுங்க, மங்கலா இருந்தாலும் பரவாயில்லை.