கையெழுத்துப் போடும் அப்பாவின் கைநாட்டு

காவிரிக்கரையான்:

காவல் நிலையப் பதிவேட்டைச் சட்டப்படி கேட்டு வாங்கியவர்கள் இங்கே எத்தனை பேர்? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2019இல் அப்பா சைக்கிளில் போகும்போது ஒரு மினி வேன் இடித்துவிட்டது. கணுக்காலில் எலும்பு முறிவு. அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டார்கள். ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டு, வாங்கியதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். வழக்குப் பதிந்ததற்கான எப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) மட்டும் வரவில்லை. அது கையில் இல்லாமல் இழப்பீட்டு வழக்கு போட முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். நான்கு மாதம் நடையாய் நடந்தேன். "ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்கார்" என்பதற்கு மேல் ஒரு பதிலும் இல்லை.

கோபத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதினேன். ஏன் இன்னும் எப்.ஐ.ஆர். போடவில்லை, யார் பொறுப்பு என்று ஒன்றரைப் பக்கம். 29ஆம் நாள் ஒரு வரியில் பதில் வந்தது: கோரப்பட்டது 'தகவல்' என்ற வரையறைக்குள் வராது. அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் தப்பு என்னுடையதும்தான். அவர்களிடம் இருக்கிற காகிதத்தைத்தான் அந்தச் சட்டத்தில் கேட்க முடியும். 'ஏன்' என்று கேட்டால் நழுவ வழி கொடுத்ததாகிவிடும்.

தெரிந்த அண்ணன் ஒருவர் மனுவை மூன்றே வரியில் மாற்றிக் கொடுத்தார். இந்த சி.எஸ்.ஆர். எண்ணுக்குரிய பதிவேட்டுப் பக்கத்தின் நகல். விசாரணையில் புகார்தாரரிடம் எழுதி வாங்கியதன் நகல். மனு முடிக்கப்பட்டிருந்தால் அந்த உத்தரவின் நகல். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபால், ஒப்புதல் அட்டையுடன்.

மூன்று வாரத்தில் கடிதம். இரண்டு பக்கத்துக்கு ரூ.4 கட்டினால் நகல் தருவார்களாம். நான்கு ரூபாய் கட்டப் பஸ்ஸுக்கு அறுபது ரூபாய் செலவு.

முதல் பக்கம் பதிவேடு. இரண்டாவது பக்கத்தில், "மேல்நடவடிக்கை தேவையில்லை எனக் கேட்டுக்கொள்கிறேன்" என்று யாரோ எழுதி, கீழே இடது பெருவிரல் ரேகை. பக்கத்தில் அப்பா பெயர். அப்பா முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். "என் பேர்ல ஒரு ஒற்றெழுத்தை விட்டுட்டான்" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தையும் அப்பா கையெழுத்து உள்ள பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு எஸ்.பி. அலுவலக மனு நாளுக்குப் போனேன். பத்து நாளில் எப்.ஐ.ஆர். பதிவானது. அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279 (கண்மூடித்தனமாக ஓட்டியது), 338 (கொடுங்காயம்) பிரிவுகள்.

பழைய எழுத்தர்:

தம்பி, நான் கலெக்டர் ஆபீசில் கோப்பு கட்டி ஓய்வு பெற்றவன். அந்தப் பக்கம் உட்கார்ந்து இந்த மனுக்களுக்குப் பதில் எழுதியவன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ந.க. எண் (கோப்பு எண்) போடாத மனு வந்தால் "கண்டறிய இயலவில்லை" என்று முடிப்பது எங்களுக்கு ரொம்பச் சுலபம். எண் தெரியாவிட்டால் முதலில் தன்பதிவேட்டை, அதாவது எழுத்தர் தன்னிடம் வரும் தாள்களை எண்ணோடு குறித்து வைக்கும் பதிவேட்டை, பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது, எண்ணை நீங்களே எடுத்துவிடலாம்.

இன்னொன்று. கோப்பை எப்படி முடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ப.மு. என்றால் பத்தாண்டு இருக்கும், மூ.மு. என்றால் மூன்றாண்டுதான். அப்புறம் அழித்துவிடலாம். நிறையப் பேர் தாமதமாக வந்து ஏமாந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

1997இலேயே தமிழ்நாடு தனியாகத் தகவல் உரிமைச் சட்டம் போட்டது, இந்தியாவிலேயே முதல் மாநிலம். ஆனால் அதில் விதிவிலக்குதான் நீளம். அதை வைத்துக்கொண்டு யாரும் எங்களை மிரட்டியதாக நினைவில்லை. 2005 சட்டத்தில் தாமதத்துக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 என்று அலுவலரின் பாக்கெட்டிலிருந்தே அபராதம் வந்தபிறகுதான் மனுவுக்குத் தனி ரிஜிஸ்டர் போட்டோம்.

மலைக்கோட்டை மீனா:

எனக்கு நேரில் கொடுக்கப் போனதுதான் வினை. "எதுக்கும்மா கேக்குறீங்க?" என்று நாலு பேர் கேட்டார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று 6(2) பிரிவிலேயே இருக்கிறது, அதைத் தாளில் எழுதி நீட்டியதும் வாங்கிக்கொண்டார்கள். எப்.ஐ.ஆர். மட்டும் வேண்டுமென்றால் மனுவே வேண்டாம், 2016 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அதை இணையத்தில் ஏற்ற வேண்டும். பாலியல் குற்றம் போன்றவை மட்டும் அதில் வராது.

ஊர் சுற்றி:

லஞ்ச ஒழிப்புத் துறையிடம் கேட்டேன், 2008 அரசாணையில் எங்களுக்கு விலக்கு என்று எழுதினார்கள். ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று 24(4)இல் இருக்கிறதே என்று மேல்முறையீடு போட்டிருக்கிறேன். பார்ப்போம். காவிரிக்கரையாரே, அந்தக் கைநாட்டு யாருடையது?

காவிரிக்கரையான்:

அதற்கும் ஒரு மனு போட்டேன். முதலில் விசாரணை நடக்கிறது, அதைப் பாதிக்கும் தகவலை மறுக்கலாம் என்ற 8(1)(எச்) பிரிவில் தர முடியாது என்றார்கள். முதல் மேல்முறையீட்டுக்குப் பதிலே இல்லை. தகவல் ஆணையத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து விசாரணைக்குப் போனால், அசல் தாள் காலவரம்பு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்த நான்கு ரூபாய் நகல் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது.