ரொட்டி சானாய் போடும் வேலை: கை ஓடுது, மனசு ஒட்டலை

ஜெலுத்தோங் வாசி:
மலேசியாவுல, பினாங்குல 27 வருஷமா ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி வீசிப் போடுற ரொட்டி) போடுறேன். இப்போ மாவு உருண்டை வெளியிலிருந்து பெட்டி பெட்டியா வருது. எடுக்கிறது, வீசுறது, கல்லுல போடுறது, அவ்வளவுதான். 60 வயசு வரைக்கும் இன்னும் எட்டு வருஷம் கிடக்கு. இதே வேலையில திருப்தி திரும்ப வருமா?

மாவுக்காரன்:
அண்ணே, முதல்ல மாவைத் திரும்ப உங்க கைக்கு வாங்குங்க. பிசையறது போயிட்டா மிச்சம் வெறும் வீச்சுதான், அலுக்காம என்ன செய்யும்? முதலாளிகிட்ட தினம் ஒரு கிலோ மட்டும் கேளுங்க. கோதுமை மாவு 1 கிலோ, தண்ணி 520 மில்லி, உப்பு 15 கிராம், சீனி 30 கிராம், மார்ஜரின் 50 கிராம், முட்டை ஒண்ணு. பத்து நிமிஷம் பிசைஞ்சு அரை மணி மூடி வைங்க. 90 கிராம் வீதம் 18 உருண்டை வரும். மேல மார்ஜரின் தாராளமா பூசி, குறைஞ்சது 4 மணி நேரம் ஊறணும்.

வீசும்போது ரப்பர் மாதிரி சுருங்கினா ஊறல் பத்தலை. ஓரம் விரியாம நடுவுல ஓட்டை விழுந்தா மேல்தோல் காஞ்சிருக்கு. தொட்டாலே தொங்கினா சூட்டுல ரொம்ப நேரம் கிடந்து தளர்ந்துபோச்சு. மழை நாள்ல 20 மில்லி தண்ணி குறைச்சுப் பாருங்க. தண்ணி அளவு, ஊறின நேரம், 18-ல எத்தனை கிழிஞ்சது, மூணையும் ஒரு நோட்டுல எழுதுங்க. ஒரு மாசத்துல மாவு பேச ஆரம்பிக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
மாவெல்லாம் சரி, மணிக்கட்டு வலிச்சா எந்த வேலையும் பிடிக்காது. மேசை உங்க முழங்கைக்கு ஒரு சாண் கீழே இருக்கணும். வீச்சு தோள்லயும் முழங்கையிலயும் இருந்து வரணும். மணிக்கட்டை மட்டும் திருப்பினா நரம்பு புடைச்சுக்கும். கட்டைவிரல் பக்கம் வலி இறங்கினா டாக்டரைப் பாருங்க, தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்காதீங்க. கை ஓய்வுக்குன்னு தே தாரிக் (நுரை வர இழுத்து ஆத்துற பால் டீ) ஆத்தறவரோட இடம் மாத்திக்காதீங்க, அதுவும் மணிக்கட்டு வேலைதான்!

கல்லடி:
ஒரு புதுப் பையனைப் பக்கத்துல நிறுத்துங்க அண்ணே. மாவை வீணாக்க வேணாம், முதல்ல ஈரத் துண்டை வீசிப் பழகட்டும். அடிக்கிறதையும் அப்பவே காட்டுங்க: கல்லுல இருந்து இறங்கின சூட்டோட ரெண்டு கையாலும் பக்கவாட்டுல சேர்த்து அடிச்சாத்தான் அடுக்கு பிரியும். ஆறவிட்டா நொறுங்கும். “ஏன்?”னு அவன் கேட்பான். 27 வருஷமா கைக்குத் தெரிஞ்சதுக்கு அப்பத்தான் நீங்க வார்த்தை தேடுவீங்க. அந்தத் தேடல்ல அலுப்பு இருக்காது.

இன்னொண்ணு, 60 வேலையை விட்டே ஆகணும்கிற வயசு இல்லை. 60-க்கு முன்னாடி வயசைக் காட்டி நிறுத்தக்கூடாதுங்கிறதுதான் 2013 ஜூலையிலிருந்து சட்டம். அப்புறமும் வேலை செஞ்சா முதலாளி சம்பளத்துல குறைஞ்சது 4 விழுக்காடு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கட்டணும்.

ஜெலுத்தோங் வாசி:
நாளைக்கே ஒரு கிலோ கேட்கிறேன். முட்டை சாப்பிடாதவங்களுக்கு?

மாவுக்காரன்:
முட்டைக்குப் பதிலா பால் 40 மில்லி. சீக்கிரம் சிவக்கும், கல்லுச் சூட்டைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க.