மதுரைல இம்புட்டு புதுசா வந்துருக்கே, உங்க அன்றாடத்துல எது மாறுச்சு?

சிம்மக்கல்_வடக்கு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா கேக்கணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். நம்மூர்ல கொஞ்ச வருசத்துல வந்ததை மட்டும் பாருங்க. நத்தம் ரோட்டு மேம்பாலம், 2023 ஜூலைல கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2024 ஜனவரில கீழக்கரைல ஜல்லிக்கட்டு அரங்கம், 2025ல ரேஸ்கோர்ஸ்ல ஹாக்கி ஸ்டேடியம், ரிங் ரோட்டுப் பக்கம் தோனி வந்து திறந்து வச்ச கிரிக்கெட் ஸ்டேடியம், டிசம்பர்ல மேலமடை பாலம்னு வரிசையா வந்துருச்சு. அதே 2025ல தூய்மை நகரங்கள் பட்டியல்ல பத்து லட்சத்துக்கு மேல மக்கள் இருக்குற 40 ஊர்ல நாம 40வது. இதுவும் நடந்துச்சு அதுவும் நடந்துச்சு.

நான் மாசி வீதிக்குள்ளயே பொறந்து வளந்தவன். பாலமும் ஸ்டேடியமும் வர்றதுல எனக்கு சந்தோசம்தான், அதை மொதல்ல சொல்லிடுறேன். ஆனா வீட்டை விட்டு கீழ இறங்குனா நடக்க பிளாட்பாரம் இல்ல, ராத்திரி சாப்பாட்டுக் கடை முன்ன மாதிரி இல்ல, பக்கத்து வீட்டுப் பயலுக விளையாட இடம் இல்லாம சந்துக்குள்ள பந்தடிச்சு எல்லார்கிட்டயும் வசவு வாங்குறாய்ங்க. அதனால உங்ககிட்ட கேக்குறது இதுதான். ரோடு, ராத்திரி சாப்பாடு, விளையாட்டு இந்த மூணுல புதுசா வந்த எதாவது ஒண்ணு உங்க அன்றாடத்தை நிஜமாவே மாத்திருக்கா? இல்லைன்னா என்ன செஞ்சா மாறும்? கட்சிச் சண்டை மட்டும் வேணாம், எந்தப் பகுதில இருந்து எழுதுறீங்கன்னு சொன்னா நல்லாருக்கும்.

---

ஊமச்சிகுளம்_ரோடு:

அண்ணே நான் நத்தம் ரோட்டுக்காரன், மாறிருக்குன்னு அடிச்சு சொல்வேன். 7 கிலோமீட்டருக்கு மேல நீளம் அந்தப் பாலம். முன்னாடி ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வர்றதுக்குள்ள இருட்டிப்போகும், இப்ப பிள்ளைகளோட உக்காந்து டீ குடிக்கிற நேரத்துக்கு வந்துடுறேன். இது சின்ன விசயம் இல்ல. ஆனா தல்லாகுளத்துல இறங்குனவுடனே கோரிப்பாளையம் நெரிசல்ல மாட்டிக்கிறோம், மேல சேமிச்ச நேரத்துல பாதி கீழ போயிடுது, பாலத்துக்கு மேல பறக்குறவனுக்கு கீழ சர்வீஸ் ரோட்டுல ரோட்டைக் கடக்க நிக்கிற பெருசுக தெரியிறதே இல்ல, கீழ சிக்னலும் வெளிச்சமும் இன்னும் வேணும்.

நூலகத்தைப் பத்தி தனியா எழுதணும். என்னைக் கேட்டா இத்தனைல ஒசத்தி அதுதான். காமராஜர் பிறந்த நாள்ல திறந்தாங்க. ஞாயித்துக்கிழமை போய்ப் பாருங்க, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக மேலூர்ல இருந்து உசிலம்பட்டில இருந்து சோத்து டப்பாவைக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்துருக்காங்க. வீட்ல தனி ரூம் இல்லாத பிள்ளைக்கு ஃபேனும் வெளிச்சமும் அமைதியும் இருக்குற ஒரு மேசை கிடைக்கிறது எம்புட்டு பெரிய விசயம்னு அந்த வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும். என் தங்கச்சி மகளும் அங்கதான் படிக்கிறா.

---

கல்லு_கடை:

ராத்திரி சாப்பாடுன்னு கேட்டதால எழுதுறேன். நான் புரோட்டாக் கடை வச்சிருக்கேன், எந்த ஏரியான்னு வேணாம்.

நம்மூரை தூங்கா நகரம்னு சொல்றப்ப வெளியூர்க்காரங்க என்னவோ ஜாலிக்கு முழிச்சிருக்கோம்னு நினைக்கிறாங்க. ராத்திரி ஒரு மணிக்கு என் கடைல உக்காந்து சாப்பிடுறது யாருன்னு சொல்றேன் கேளுங்க. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லி மூட்டை ஏத்திக்கிட்டு வர்ற வண்டிக்காரங்க, பரவை காய்கறி மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவங்க, பெரியாஸ்பத்திரில ஆளைச் சேத்துட்டு பசியோட வெளிய வர்ற சொந்தக்காரங்க, ராமநாதபுரம் பக்கம் போற பஸ்ஸை விட்டுட்டு அடுத்ததுக்கு நிக்கிறவங்க. இவங்களுக்கு அந்த நேரத்துல சூடா நாலு இட்லியோ ரெண்டு புரோட்டாவோ குடல் குழம்போட கிடைச்சா அதுதான் ஊரு. அது இல்லாம இவங்க எங்க போவாங்க?

2019ல அரசாணை போட்டு 24 மணி நேரமும் கடை திறக்கலாம்னாங்க, அப்புறம் 2022ல நீட்டிச்சாங்க, ஆனா அது பத்து பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்ற கடைகளுக்கு. எங்கிட்ட மாஸ்டர், மாவு பிசையிற பையன், எலை போடுறவர், நான், எங்க வீட்டம்மா அம்புட்டுதான். இந்த ஊருக்கு ராத்திரிச் சாப்பாட்டுல பேரு வாங்கிக் குடுத்ததே எங்களை மாதிரி சின்ன கடைகதான், எங்களுக்கும் ஒரு தெளிவான நேரத்தை எழுத்துல குடுத்தா போதும். லைட்டு, குப்பைத் தொட்டி, கைகழுவத் தண்ணி இதெல்லாம் இருக்குற மாதிரி ஒரு தெருவை இரவுக்கடைத் தெருன்னு ஒதுக்குனா வாடகை கட்டிட்டு நாங்களே சுத்தமா வச்சிக்குவோம். 40வது இடம்னு படிச்சப்ப எனக்கும் வலிச்சது, எலையை எங்க போடுறதுன்னு இடம் இருந்தா யாரு ரோட்டுல போடப்போறா.

சாப்பாட்டுத் தரத்தைப் பத்தியும் சொல்லிடுறேன். புதுசா ரிங் ரோட்டுப் பக்கம் ஏசி போட்டு மதுரைச் சாப்பாடுன்னு வர்ற கடைகள்ல கறி தோசைன்னு ஒண்ணு குடுக்குறாங்க, மெல்லிசா தோசை ஊத்தி மேல கறியைத் தூவுறாங்க. கறி தோசைன்னா கனமா ஊத்தி, மேல முட்டையை உடைச்சு விட்டு, அதுக்கு மேல மசாலால வெந்த கொத்துக்கறியைப் பரப்பி, திருப்பிப் போட்டு கல்லுல அமுக்கி வேகவிடணும். அவசரப்பட்டா அடில மாவு வேகாது. மாவு, முட்டை, கறி மூணும் ஒண்ணா ஒட்டி வரணும். பேரை வச்சா பதத்தையும் வைக்கணும்.

---

தெப்பக்குளம்_தெக்கு:

மேல அண்ணன் எழுதுனதைப் படிச்சதும் பசிச்சிருச்சு. நான் விளையாட்டுக்கு வர்றேன்.

வண்டியூர் தெப்பக்குளம் எங்க வீட்டுக்கு நடந்து போற தூரம். திருமலை நாயக்கர் 1645ல வெட்டுனது. நாங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது வருசத்துல பெரும்பாலும் காஞ்சுதான் கிடக்கும். அம்புட்டு பெரிய குளத்துக்குள்ள ஒரே நேரத்துல எத்தனை டீம் ஆடும்னு கணக்கே கிடையாது, ஒருத்தன் அடிச்ச பந்தை இன்னொரு டீம் ஃபீல்டர் எடுத்து வீசுவான். காமராஜர்புரத்துப் பயலும் அனுப்பானடிப் பயலும் ஐராவதநல்லூர்ப் பயலும் அங்கதான் பழகுனாய்ங்க. அப்புறம் பனையூர்க் கால்வாயைச் சரிபண்ணி வைகைத் தண்ணியைக் கொண்டாந்தாங்க, இப்ப குளம் நிறைஞ்சு கிடக்கு. சாயங்காலம் காத்து வாங்க குடும்பம் குடும்பமா வர்றாங்க, சுத்தி கடை போட்டு நிறைய பேர் பிழைக்கிறாங்க, எங்க தெரு போர்லயும் தண்ணி மேல வந்துருச்சு. நம்மூர்ல நடந்த வேலைகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. பெரிய கான்கிரீட்டு எதுவும் இல்ல, அடைஞ்சு கிடந்த வாய்க்காலைத் திறந்து விட்டதுதான், ஊரே மாறிப்போச்சு.

ஆனா அந்தப் பயலுக எங்க போனாய்ங்கன்னு யாரும் கேக்கல. குளத்துக்குத் தண்ணி வந்தே ஆகணும், அதுல மாத்துக்கருத்து இல்ல. அதோட சேத்து கிழக்குப் பக்கத்துல ஒரு கிரவுண்டு ஒதுக்கிருக்கணும். இப்ப ராத்திரி லைட்டு போட்ட செயற்கைப் புல் தரைகள மணிக்கணக்குல வாடகைக்கு விடுறாங்க, காசு சேத்து ஆடுறவன் ஆடுறான், இல்லாதவன் செல்லுல ஆடுறான். சிந்தாமணிப் பக்கம் பெரிய கிரிக்கெட் ஸ்டேடியம் வந்தது நல்லதுதான். டிஎன்பிஎல்னு நம்ம மாநில கிரிக்கெட் லீக் இருக்குல்ல, அதுல மதுரைன்னு பேரு வச்ச டீம் 2018ல கப்பே அடிச்சது, அந்த ஃபைனலை நாம சேப்பாக்கத்துல நடந்ததாத்தான் டிவில பாத்தோம், பக்கத்துல மேட்ச்னா நத்தம் காலேஜ் கிரவுண்டுக்குப் போகணும். இனிமே ஊர்ல பாக்கலாம். ஆனா பாக்குறதுக்கு இடம் வேற, ஆடுறதுக்கு இடம் வேற. 100 வார்டு இருக்கு, வார்டுக்கு ஒரு மண்ணு கிரவுண்டு, சுத்தி வேலி, ஒரு தண்ணிக் குழாய் போதும்.

---

ரேஸ்கோர்ஸ்_அம்மா:

எல்லாரும் ஆம்பளைங்களாவே எழுதிருக்கீங்க. என் மக ஹாக்கி ஆடுறா, ஒம்பதாவது படிக்கிறா.

ஜூனியர் உலகக் கோப்பை சென்னையும் மதுரையும் சேந்து நடத்துனாங்கல்ல, மொத முறையா 24 டீம் ஆடுனது. இந்தியா ஓமனை 17-0ன்னு ஜெயிச்ச மேட்ச் இங்கதான் நடந்துச்சு. என் மக அதுக்கப்புறம் ஒரு வாரம் தூங்கல, மட்டையைப் பக்கத்துல வச்சுக்கிட்டேதான் படுத்தா. கடைசில அர்ஜென்டினாகூட 0-2ல இருந்து 4-2ன்னு திரும்பி வந்து வெண்கலம் வாங்குனப்ப எங்க தெருல வெடி போட்டாங்க, கிரிக்கெட்டு இல்லாம வேற விளையாட்டுக்கு வெடி போட்டு நான் பாத்ததே இல்ல.

தெப்பக்குளம் தம்பி சொல்ற மண்ணு கிரவுண்டு ஹாக்கிக்குப் பத்தாதுப்பா, அதையும் சொல்லணும். மண்ணுல பந்து குதிச்சு குதிச்சு வரும், பிள்ளைக மட்டையைத் தூக்கித் தடுத்தே பழகிருக்கும். டர்ஃப்னு சொல்ற செயற்கைத் தரைல பந்து தரையோட ஒட்டி வேகமா வரும், முட்டியை மடக்கி நல்லா குனிஞ்சு மட்டையைத் தரைலயே வச்சு நிறுத்தணும். மண்ணுல நல்லா ஆடுற பிள்ளைகூட டர்ஃப்ல மொத மேட்ச் ஆடும்போது பந்தை விட்டுட்டு முழிக்கும். நம்ம தென்மாவட்டத்துல ஹாக்கின்னா கோவில்பட்டிதான், டர்ஃப்ல பழகணும்னு இங்க இருந்து அங்கிட்டுப் போன பிள்ளைக இருக்கு. இப்ப நம்மூர்லயே வந்துருச்சுன்னா அது எவ்வளவு பெரிய வரம்.

அந்த டர்ஃப்ல தெனமும் பிள்ளைக ஓடணும், அதுதான் எனக்கு வேணும். கார்ப்பரேசன் ஸ்கூல் பிள்ளைகளுக்குன்னு சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஒதுக்கணும், கோல்கீப்பர் பேடு ஸ்கூல்ல குடுக்கணும் ஏன்னா அந்த விலைக்கு எங்க வீட்ல வாங்க முடியாது, பொம்பளைப் பிள்ளைகளுக்கு உடுப்பு மாத்துற ரூம் எப்பவும் திறந்திருக்கணும். பயிற்சி முடிஞ்சு ஏழரை மணிக்கு வெளிய வந்தா பஸ் கிடைக்கணும். நான் வேலைக்குப் போறவ, தெனமும் போய்க் கூட்டியார முடியாது. பஸ் இல்லைன்னு எத்தனை பிள்ளைக மட்டையைத் தூக்கிப் பரண்ல போட்டுச்சுன்னு எந்தக் கணக்குலயும் வராது.

---

திருநகர்_9:

இதுக்கெல்லாம் ஒரே வழி மெட்ரோதான். திருமங்கலத்துல இருந்து ஒத்தக்கடை வரைக்கும் திட்டம் போட்டு அனுப்புனாங்க, 2025 நவம்பர்ல மத்திய அரசு திருப்பி அனுப்பிருச்சு. 20 லட்சம் மக்கள்தொகை வேணும்னு 2017 மெட்ரோ கொள்கையைக் காட்டுறாங்க. 2011ல எடுத்த கணக்கை வச்சு இன்னைக்கு மதுரையை அளந்தா எப்படி? திருநகர்ல இருந்து மாட்டுத்தாவணிக்கு தெனமும் போய் வர்றவன் நான், கூட்டம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்.

---

சிம்மக்கல்_வடக்கு:

@திருநகர்_9 உங்க கோவம் நியாயம்தான், புதுக் கணக்கெடுப்பு வந்ததும் மறுபடி கேக்கணும். ஆனா தம்பி, இன்னைக்கே ஒப்புதல் கிடைச்சாலும் ரயில் ஓட எத்தனை வருசம் ஆகும்? ரேஸ்கோர்ஸ் அம்மாவோட பொண்ணு அதுக்குள்ள காலேஜே முடிச்சிரும். பஸ்ஸுக்கு அப்படி இல்ல, நாளைக்கே விடலாம். நான் கேக்குறது ராத்திரி எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் பெரியார் பஸ் ஸ்டாண்டு, ரேஸ்கோர்ஸ், மாட்டுத்தாவணி, தெப்பக்குளம், திரும்பப் பெரியார்னு ஒரு வட்டப் பஸ். விளையாடிட்டு வர்ற பிள்ளை, நூலகத்துல படிச்சிட்டு வர்ற பிள்ளை, பெரியாஸ்பத்திரில இருந்து வர்றவங்க, கல்லு கடை அண்ணன் கடைக்குப் போறவங்க எல்லாருக்கும் ஆகும். மேல நீங்க தனித்தனியா எழுதுனதை ஒண்ணா படிச்சப்ப எனக்கு இந்தப் பஸ்தான் கண்ணுல தெரிஞ்சது.

---

திருநகர்_9:

சரிண்ணே, பஸ் வரட்டும், ஒத்துக்குறேன். அப்படியே திருநகர் வரைக்கும் நீட்டச் சொல்லுங்க, தெக்கால ஒரு ஊரு இருக்குறதையே யாரும் நினைக்க மாட்டேங்குறாங்க. மெட்ரோவை நான் விடல.

---

தெப்பக்குளம்_தெக்கு:

இதை இங்க எழுதிட்டு விட்டுற வேணாம். 2022ல இருந்து மாநகராட்சிகள்ல ஏரியா சபைக் கூட்டம் நடத்துறாங்க, மனுவா எழுதிக் குடுக்கலாம். கிரவுண்டுக்கு நான் எழுதுறேன், எங்க வார்டுக்குள்ள சும்மா கிடக்குற பொது இடம் எதுன்னு சர்வே நம்பரோட எடுத்துட்டுப் போவோம், இடத்தைக் காட்டிக் கேட்டாத்தான் இல்லைன்னு சொல்ல முடியாது. பஸ்ஸுக்கு யார் எழுதுறீங்க?

---

ரேஸ்கோர்ஸ்_அம்மா:

பஸ்ஸுக்கு நான் எழுதுறேன். எங்க பிள்ளைக டீம்ல இருக்குற எல்லா அம்மாக்கள்ட்டயும் கையெழுத்து வாங்கிடுவேன். எந்த ஸ்டாப்புல எத்தனை மணிக்கு எத்தனை பேர் நிக்கிறோம்னு எழுதி வச்சா பலமா இருக்கும், உங்க பக்கத்துல ராத்திரி எட்டு மணிக்கு மேல பஸ்ஸுக்கு நிக்கிறவங்க யாராவது இருந்தா ஸ்டாப் பேரை மட்டும் இங்க போடுங்க.

---

ஊமச்சிகுளம்_ரோடு:

நூலகத்து ஸ்டாப் என் கணக்கு. மருமகளையும் அவ கூடப் படிக்கிற பிள்ளைகளையும் விசாரிச்சு நாளைக்கு ராத்திரிக்குள்ள போடுறேன்.

---

கல்லு_கடை:

பூ மார்க்கெட்டு பக்கம் நான் கேட்டுச் சொல்றேன். அங்க நிக்கிறவங்க விடியக்காலம் மூணு மணிக்கும் இருப்பாங்க, பதினொண்ணோட பஸ்ஸை நிறுத்திறாதீங்க, அதையும் மனுவுல சேருங்க.